"ஹாட்லி": ஒரு "லி" செய்யும் வேலை

எங்கட ஆட்கள் கனபேர் விடும் பிழை இது. ஆங்கிலத்தில் "ஸ்லோ" என்றால் மெதுவான, "ஸ்லோலி" என்றால் மெதுவாக. அப்படியென்றால் "ஹாட்" என்ற சொல்லோடும் ஒரு "லி"யைச் சேர்த்தால் கடுமையாக என்று வரும்தானே? வராது. வேலை நேர்முகத்தில் "ஐ வேர்க் ஹாட்" என்று சொல்ல வேண்டும். "ஐ ஹாட்லி வேர்க்" என்றால் "நான் வேலை செய்வதே இல்லை என்ற மாதிரித்தான்" என்று பொருள். (பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது ஒருவருடைய பெயர்.)

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் கடுமையாக என்ற பொருள்தான் இருந்தது. பிறகு "சிரமப்பட்டு" என்று ஆனது. சிரமப்பட்டு நடப்பது எப்போதாவதுதான் நடக்கும். 16ஆம் நூற்றாண்டளவில் "இல்லையென்றே சொல்லலாம்" என்ற இன்றைய பொருள் வந்துவிட்டது. எங்கட "அரிது"ம் இப்படித்தான். அது கடினத்தையும் குறிக்கும், எப்போதாவது நடப்பதையும் குறிக்கும். "அவர் அருமையாத்தான் வருவார்" என்கிறோமே, அதுதான் "ஹி ஹாட்லி எவர் கம்ஸ்".

டொக்டரிடம் "ஐ ஹாட்லி ஸ்லீப்" என்றால் நித்திரை இல்லாத குறை என்று சரியாக விளங்கும். அதோடு "டோன்ட்" சேர்க்க வேண்டாம். இல்லை என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பெரிய ஆபத்து அகதி விண்ணப்பப் பேட்டியில். கடுமையாக அடித்தார்கள் என்று நினைத்து "தே ஹாட்லி பீட் மீ" என்று சொன்னால், "அடித்ததே குறைவு" என்று பதிவாகிவிடும். சரியான வசனம் "தே பீட் மீ பாட்லி". ஆனாலும் ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களும் பேட்டியில் தமிழில் பேசுவதே நல்லது. பிரிட்டனில் உள்துறை அமைச்சின் பேட்டிக்கு மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஒழுங்கு செய்வார்கள், நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. ஜி.பி.யிடம் போகும்போதும் இலவசம்தான், அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே கேளுங்கள்.

பேட்டிப் பதிவின் பிரதி கிடைத்ததும், தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து வரிவரியாக வாசித்துப் பாருங்கள். "ஹாட்லி" எங்கேயாவது இருந்தால் அடிக்கோடிடுங்கள். நீங்கள் சொன்னது அதுவல்ல என்றால், முடிவு வரும்வரை பார்த்துக்கொண்டிராமல் உடனே சொலிசிட்டரிடம் சொல்லி எழுத்தில் திருத்தம் அனுப்புவியுங்கள்.