மலிவுவிலைக் கடையும் வழமையான பேரங்காடியும்: வீட்டுக் கணக்குக்கு ஒரு பாடம்

பாடத்தின் தேவை

கனடாப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குப்படி, கடைகளில் வாங்கப்படும் உணவுப் பொருள்களின் விலை 2022ஆம் ஆண்டில் சராசரியாக 9.8 விழுக்காடு உயர்ந்தது. 1981இற்குப் பின்னர் ஓராண்டில் ஏற்பட்ட மிகப் பெரிய உயர்வு அது. 2023இல் விலைகள் மேலும் 7.8 விழுக்காடு கூடின. உயர்வின் வேகம் பின்னர் தணிந்தபோதும், ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கவில்லை. 2024 டிசெம்பரில் ரொறன்ரோ மாநகரசபை உணவுப் பாதுகாப்பின்மையை ஓர் அவசரநிலையாகப் பிரகடனம் செய்தது.

வாடகையும் காப்புறுதியும் தொலைபேசிக் கட்டணமும் மாதந்தோறும் குறித்த தொகையாக வந்து நிற்பவை. அவற்றைச் செலுத்திய பின் எஞ்சும் பணம் போதாதபோது, குடும்பங்கள் முதலில் குறைத்துக்கொள்வது உணவையே. பிள்ளைகளின் பாலையும் பழத்தையும், முதியோரின் மீனையும் மரக்கறியையும் குறைக்காமல், செலவை மட்டும் குறைக்க இயலுமா என்பதே இப்பாடம் ஆராயும் வினா.

கடைகளின் பெயர்கள் இங்கு விளக்கத்துக்காகவே குறிப்பிடப்படுகின்றன. அவை பரிந்துரைகள் அல்ல. உதாரணக் கணக்குகளில் வரும் பொருள் விலைகள், கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக அமைக்கப்பட்டவை.

1. பெயர்ப்பலகை இரண்டு, நிறுவனம் ஒன்று

ஸ்காபரோவில் வாழும் ஒரு குடும்பம், வழமையான பேரங்காடியை விட்டு மலிவுவிலைக் கடைக்கு மாறும்போது, ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொரு நிறுவனத்துக்குப் போவதாகவே எண்ணுதல் இயல்பு. பெரும்பாலும் உண்மை அதுவன்று. நோ ஃபிரில்ஸ், லொப்லோஸ் ஆகிய இரண்டும் லொப்லோ நிறுவனத்துக்கு உரியவை. ஃபூட் பேசிக்ஸ் கடைகளை நடத்துவது மெட்ரோ நிறுவனம். ஃபிரெஷ்கோவும் சோபீஸும் எம்பயர் என்னும் தாய் நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன.

முதலாவது நோ ஃபிரில்ஸ் கடை 1978இல் ஈஸ்ட் யோர்க் பகுதியில் திறக்கப்பட்டது. அங்கு பொருள்வகைகள் குறைவு. பைக்குத் தனிக் கட்டணம். வாங்கியவற்றை வாடிக்கையாளரே பொதி செய்ய வேண்டும். மஞ்சள் நிற உறையில் வரும் 'நோ நேம்' பொருள்களை லொப்லோ அறிமுகப்படுத்தியதும் அதே ஆண்டிலேயே. ஃபூட் பேசிக்ஸ் 1995இல் தொடங்கி, 2005இல் மெட்ரோவின் கைக்கு வந்தது. ஃபிரெஷ்கோ 2010இல் தோன்றியது.

கனடாவின் போட்டிப் பணியகம் 2023 யூனில் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் மளிகைச் சந்தையில் போட்டி போதாது என்று முடிவு கூறியது. புதிய கடைகள் அருகில் வருவதைத் தடுக்கும் வகையில் காணி உறுதிகளிலும் வாடகை ஒப்பந்தங்களிலும் இடப்படும் நிபந்தனைகளையும் அது சுட்டிக்காட்டியது. ஆகவே, கடையின் பெயரை மட்டும் நம்பி மலிவு என்றோ விலை கூடியது என்றோ தீர்மானித்தல் போதாது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே கணக்கிட வேண்டியுள்ளது.

2. மலிவு எங்கிருந்து வருகிறது

மலிவுவிலைக் கடை தனது செலவைக் குறைத்து, அதன் ஒரு பகுதியை விலையில் காட்டுகிறது. ஊழியர் குறைவு. பொருள்கள் வந்த பெட்டியோடே தட்டில் வைக்கப்படுகின்றன. ஒரே பொருளில் ஆறு வகை இருக்குமிடத்தில் இரண்டு வகையே இருக்கும். வெட்டித் தரும் இறைச்சிப் பிரிவும் மீன் பிரிவும் பல கடைகளில் இல்லை. வண்டிலை எடுக்க நாணயம் இட வேண்டியிருக்கலாம்.

வழமையான பேரங்காடியின் கூடிய விலையில் அச்சேவைகளுக்கான கட்டணமும் அடங்கியுள்ளது. அச்சேவை தேவைப்படும் நாளில் அங்கு செல்வது வீண்செலவு அன்று. தேவைப்படாத நாளில் அதே கட்டணத்தைச் செலுத்துவதே வீண்செலவு.

விலை குறைவு என்பதால் பாதுகாப்பும் குறைவு என்று அஞ்ச வேண்டியதில்லை. ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவின் டைன்சேஃப் திட்டத்தின் கீழ் இருவகைக் கடைகளும் ஒரே விதிகளின்படி பரிசோதிக்கப்படுகின்றன. பச்சை அறிவித்தல் தேர்ச்சியையும், மஞ்சள் நிபந்தனையுடனான தேர்ச்சியையும், சிவப்பு மூடப்பட்டமையையும் குறிக்கும்.

3. அலகு விலை: பாடத்தின் மையம்

ஒரு பொருளின் மொத்த விலையை அதன் நிறையால் வகுத்துப் பெறுவது அலகு விலை. 100 கிராமுக்கு எவ்வளவு, அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று அது கூறும். பெயரும் உறையும் அளவும் வேறுபடும் இரு பொருள்களை நேருக்கு நேர் ஒப்பிட வேறு நம்பகமான வழி இல்லை. அலகு விலையைக் கடைகள் காட்ட வேண்டும் என்ற சட்டம் கியூபெக்கில் உண்டு, ஒன்ராறியோவில் இல்லை. பல கடைகள் தாமாகவே விலைச்சீட்டின் மூலையில் சிறிய எழுத்தில் அதனை அச்சிடுகின்றன. இல்லாத இடத்தில் கைத்தொலைபேசியின் கணிப்பான் போதும்.

முதலாம் உதாரணம், அரிசி. ஒரு கடையில் 8 கிலோ அரிசிப் பை 16.99 டொலர். மற்றொரு கடையில் 20 இறாத்தல் பை 18.49 டொலர். முதலாவதே மலிவுபோலத் தோன்றும். 20 இறாத்தல் என்பது 9.07 கிலோ. எனவே முதலாவது கிலோ 2.12 டொலர், இரண்டாவது 2.04 டொலர். கூடிய விலை எழுதப்பட்ட பையே உண்மையில் மலிவு.

இரண்டாம் உதாரணம், மைசூர்ப் பருப்பு. 907 கிராம் பை 3.49 டொலர், 1.8 கிலோ பை 7.49 டொலர். சிறிய பையில் 100 கிராம் 38 சதம். பெரிய பையில் 42 சதம். பெரிய பை எப்போதும் இலாபம் என்ற நம்பிக்கை இங்கே பொய்க்கிறது.

மூன்றாம் உதாரணம், கோழியிறைச்சி. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இறாத்தல் விலையும், அதனருகே சிறிய எழுத்தில் கிலோ விலையும் அச்சிடப்படுவது வழமை. மற்றொரு கடை கிலோ விலையை மட்டும் காட்டலாம். இறாத்தல் விலையை 2.2 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய கிலோ விலை கிடைக்கும். இறாத்தல் 2.99 டொலர் என்பது கிலோ 6.59 டொலர். ஆகவே கிலோ 6.29 டொலர் என விற்கும் கடையே மலிவு. மீன் பிரிவில் 100 கிராம் 1.49 டொலர் என்று எழுதியிருந்தால், அது கிலோ 14.90 டொலர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

உறையின் தோற்றமும் விலையும் மாறாதிருக்க, உள்ளிருக்கும் அளவு மட்டும் குறைக்கப்படுவதும் உண்டு. அதனை வெளிப்படுத்துவதும் அலகு விலையே.

4. எதை எங்கே வாங்குவது

சீனி, கோதுமை மா, எண்ணெய், பால், முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்ற அன்றாடப் பொருள்களில் மலிவுவிலைக் கடைக்குப் பெரும்பாலும் அனுகூலம் உண்டு. கடையின் சொந்தப் பெயரில் வரும் பொருள்களைத் தெரிவு செய்தால் வேறுபாடு மேலும் கூடும்.

வழமையான பேரங்காடி வெல்லும் சந்தர்ப்பங்களும் உள. வாடிக்கையாளரை உள்ளே அழைப்பதற்காக, அது வாரந்தோறும் சில பொருள்களை மிகக் குறைந்த விலைக்கு இடுகிறது. ஒன்ராறியோவில் விளம்பரத் தாள்கள் பொதுவாக வியாழன் முதல் புதன் வரை செல்லுபடியாகும். அத்தாளின் முதற்பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று பொருள்களை மட்டும் வாங்கித் திரும்பும் குடும்பத்துக்கே அதனால் இலாபம். சில மலிவுவிலைக் கடைகள், போட்டிக் கடையின் விளம்பரத் தாளைக் காட்டினால் அவ்விலைக்கே பொருளைத் தருகின்றன. பொருளின் பெயரும் அளவும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது வழமையான நிபந்தனை. ஏனையவை கடைக்குக் கடை வேறுபடும்.

திகதி நெருங்கிய பொருள்களின் விலைக்கழிவும் கவனத்துக்குரியது. 'பெஸ்ட் பிஃபோர்' என்ற திகதி, பொருளின் புத்தம்புதுத் தன்மையைக் குறிப்பது. அத்திகதி கடந்தவுடன் உணவு நஞ்சாகிவிடும் என்பது அதன் பொருள் அன்று. 2024 சனவரியில் லொப்லோ நிறுவனம் இத்தகைய பொருள்களுக்கான 50 விழுக்காட்டுக் கழிவை 30 ஆகக் குறைக்க முற்பட்டது. பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின்னர் அந்த முடிவைக் கைவிட்டது. கேள்வி எழுப்பும் வாடிக்கையாளருக்குப் பலன் உண்டு என்பதற்கு இது சான்று.

புள்ளிகளையும் பணமாகவே எண்ணுதல் வேண்டும். பிசி ஒப்டிமம் அட்டையில் 10,000 புள்ளிகள் 10 டொலருக்குச் சமம். சீன் பிளஸ் அட்டையில் 1,000 புள்ளிகளே 10 டொலருக்குச் சமம். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் சலுகை பெரிதாகிவிடாது. தேவையற்ற பொருளைப் புள்ளிக்காக வாங்குவது சேமிப்பும் ஆகாது.

தமிழ்க் கடைகளை இவ்வொப்பீட்டுக்கு வெளியே நிறுத்துதல் சரியன்று. குத்தரிசி, கறித்தூள், கறிவேப்பிலை, முருங்கைக்காய், உறைநிலை மீன் ஆகியவற்றில் தெரிவும் விலையும் பல வேளைகளில் அங்கே சிறந்தவை. மறுபுறம், ஸ்காபரோவின் மலிவுவிலைக் கடைகள் பலவும் இன்று அரிசி மூட்டைகளையும் பருப்பு வகைகளையும் வெண்டிக்காயையும் விற்கின்றன. பழக்கம் ஒருபுறம் இருக்க, மூன்று இடத்திலும் அலகு விலையே நடுவராக அமைதல் நன்று.

5. பயணமும் செலவே

ஸ்காபரோவின் தொடருந்துச் சேவையான 3ஆம் தடம் 2023 யூலையில் நின்றுபோன பின்னர், வாகனமில்லாத குடும்பங்கள் பேருந்தையே பெரிதும் நம்பியுள்ளன. தொலைவிலுள்ள கடையில் 6 டொலர் மிஞ்சும் என்று கொள்வோம். ரொறன்ரோ போக்குவரத்து ஆணைக்குழுவின் வளர்ந்தோர் கட்டணம், பிரெஸ்ரோ அட்டையில் ஒரு பயணத்துக்கு 3.30 டொலர் என வைத்துக் கணக்கிட்டால், போய்வர 6.60 டொலர். சேமிப்பு முழுவதும் போய், மேலும் 60 சதம் நட்டம்.

ஆயினும் பிரெஸ்ரோ அட்டையில் முதலாவது தட்டலிலிருந்து 2 மணி நேரம் வரை எத்திசையிலும் ஏறி இறங்கலாம். அந்நேரத்துக்குள் திரும்பும் பேருந்தில் ஏறிவிட்டால் ஒரு கட்டணமே அறவிடப்படும், 2.70 டொலர் கையில் நிற்கும். பட்டியலை முன்கூட்டியே எழுதிச் செல்பவருக்கு இது இயலக்கூடியது.

6. பணம் செலுத்துமிடத்தில் நுகர்வோர் உரிமை

தட்டில் 4.49 டொலர் என எழுதப்பட்ட பொருள், பணம் செலுத்தும்போது 4.99 டொலர் எனப் பதிவாகலாம். கனடாவின் பெரிய கடைகள் பல, விலை வருடல் துல்லியம் பற்றிய தன்னார்வ நெறிக்கோவையை ஏற்றுள்ளன. அதன்படி, குறித்த உச்சவரம்புக்கு உட்பட்ட விலையுள்ள பொருள் தவறாகப் பதிவானால், அப்பொருள் இலவசமாகத் தரப்படும். விலை அதற்கு மேற்பட்டால் குறித்த தொகை கழிக்கப்படும். நெறிக்கோவையின் அறிவித்தல் கடை வாயிலிலோ காசாளர் மேசையிலோ ஒட்டப்பட்டிருக்கும். கடை தானாக இதனை வழங்காதிருக்கலாம். வாடிக்கையாளரே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

நெறிக்கோவைக்கு அப்பால் சட்டமும் உண்டு. ஒரு பொருளில் இரு விலைகள் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கையில் கூடிய விலையை அறவிடுவது, போட்டிச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். அடிப்படை உணவுப் பொருள்களுக்கு 13 விழுக்காட்டு விற்பனை வரி இல்லை. குளிர்பானம், மிட்டாய், உருளைக்கிழங்குப் பொரியல் போன்றவற்றுக்கு உண்டு. இவ்விதி இருவகைக் கடைக்கும் பொதுவானது.

ஆங்கிலத்தில் வாதிடத் தயங்குவோர், விலைச்சீட்டைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, பற்றுச்சீட்டுடன் சேர்த்துக் காட்டினாலே போதும். அவ்விரண்டும் அருகருகே இருக்கும்போது நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

7. வீட்டுப் பயிற்சி

குடும்பம் அடிக்கடி வாங்கும் 12 பொருள்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுதல். அருகிலுள்ள மலிவுவிலைக் கடை, வழமையான பேரங்காடி, தமிழ்க் கடை ஆகிய மூன்றுக்கும் மூன்று நிரல்கள் வரைதல். நான்கு வாரங்களுக்கு, வழமைபோலக் கடைக்குச் செல்லும் நாள்களில் மட்டும், ஒவ்வொரு பொருளின் அலகு விலையைக் குறித்தல். இதற்கெனத் தனிப் பயணம் வேண்டாம். மேல்வகுப்புப் பிள்ளைகள் வகுத்தற் கணக்கைச் செய்து உதவலாம்.

நான்காம் வார முடிவில், எப்பொருளை எங்கே வாங்குவது என்பது அக்குடும்பத்துக்கே உரிய விடையாகக் குறிப்பேட்டிற் கிடைக்கும். அயல் வீட்டாரின் விடை வேறாக இருக்கக்கூடும். அவர்களின் கடைகளும் பேருந்துத் தடமும் உணவுப் பழக்கமும் வேறு.

கணக்கிட்டும் பணம் போதாத மாதங்களும் வரும். அது குடும்பத்தின் கணக்குப் பிழை அன்று. உணவு வங்கிகள், சமூகச் சமையலறைகள், முதியோருக்கான உணவு விநியோகம் ஆகியவை பற்றிய தகவல்களை 211 என்ற இலக்கத்தில் கட்டணமின்றிப் பெறலாம். மாநகரசபைச் சேவைகளுக்கு 311 என்ற இலக்கம் உண்டு. இரண்டிலும் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம்.