கடலைக்கொடியா, வேலிமசாலா, குதிரைமசாலா?

சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் மேச்சேரி செம்மறியாடு வளர்ப்போர், கோடையில் மேய்ச்சல் காய்ந்த பின் சோளத்தட்டையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். ஆனால் அதில் கச்சாப் புரதம், அதாவது தீவனத்தின் நைட்ரஜன் அளவைக் கொண்டு கணக்கிடப்படும் மொத்தப் புரதம், 4 விழுக்காட்டை ஒட்டியே உள்ளது. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழ்ந்து நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகத் தீவனத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு புரதமாவது வேண்டும். அது கிடைக்காதபோது தட்டு செரிக்காமல் வயிற்றிலேயே தங்குவதால் ஆடு தின்பதும் குறைந்துவிடுகிறது. போர் நிறையத் தட்டு இருந்தும் மந்தை மெலிவதன் காரணம் இதுவே.

இக்குறையை ஈடுசெய்யப் பயறுவகைத் தீவனத்தை உலர்த்திச் சேர்ப்பது நல்ல வழி. 25 கிலோ எடையுள்ள பெட்டையாடு, உடல் எடையில் 3 விழுக்காடு என்ற கணக்கில், நாளொன்றுக்கு 750 கிராம் உலர்பொருள், அதாவது ஈரம் நீக்கிய தீவனம், உண்கிறது. மொத்தப் புரதத்தை 8 விழுக்காட்டிற்கு உயர்த்த, 16 விழுக்காடு புரதமுள்ள உலர்தீவனமாயின் 250 கிராம் போதும். 10 விழுக்காடே உள்ள நிலக்கடலைக்கொடியாயின் 500 கிராம் வேண்டும்.

அளவு இரு மடங்கானாலும், கடலை பயிரிடுவோருக்குக் கொடியே முதல் தேர்வாக வேண்டும். அதற்கெனத் தனி நிலமோ நீரோ தேவையில்லை. எனினும் டிக்கா எனப்படும் இலைப்புள்ளி நோயால் அறுவடைக்கு முன்பே இலை கொட்டிய கொடி வெறும் தண்டுதான். அதை நம்பிக் கணக்கிடலாகாது. வேரோடு ஒட்டிய மண்ணை உதறாமலும், மழையில் நனைந்து பூசணம் பிடித்ததை ஒதுக்காமலும் கொடுப்பது ஆட்டுக்குக் கேடு.

கடலை இல்லாதவருக்கு, ஓரளவு கிணற்று நீர் இருப்பின், வேலிமசால் பொருந்தும். வெந்நீரில் நேர்த்தி செய்து விதைத்த பல்லாண்டுப் பயிரான இது 90 நாளில் முதல் அறுப்புக்கு வந்து, பின்னர் 40 நாளுக்கொருமுறை வெட்டத்தக்கது. குதிரைமசால் புரதத்தில் குறைந்ததன்று, ஆயினும் அடிக்கடி நீர் கேட்கிறது. அவ்வளவு நீருள்ள தோட்டத்தில் அதைக் கறவை மாட்டுக்கு விடுவதே முறை. மானாவாரிச் செம்மண்ணில் முயல்மசால் நிற்கும். புரதம் சற்றுக் குறைவு, செலவும் குறைவு. சூபாபுல் எனப்படும் சவுண்டல் இலையில் உள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் ரோமத்தை உதிர்க்கக்கூடியதாதலால், மொத்தத் தீவனத்தில் மூன்றிலொரு பங்கை அவ்விலை தாண்டக்கூடாது.

எதைத் தேர்ந்தாலும், புரதம் காக்கப்படுவதும் இழக்கப்படுவதும் உலர்த்தும் களத்தில்தான். இலையில் உள்ள புரதம் தண்டில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு; உச்சி வெயிலில் புரட்டினாலோ இலை பெருமளவு நொறுங்கி உதிர்கிறது. ஆகவே பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்து, அரை நாள் வெயிலில் வாட்டி, பின் நிழலில் பரப்பி, பனி ஈரம் இருக்கும் காலையிலேயே புரட்ட வேண்டும். தண்டை வளைத்தால் ஒடிந்தும், இலை காம்பைவிட்டு உதிராமலும் இருப்பது பதம். ஈரம் 15 விழுக்காட்டிற்கு மேல் நின்றால் போர் சூடேறிப் பூசணம் பிடிக்கும். தார்ப்பாயில் தங்கும் இலைத்தூளைக் கூட்டித் தள்ளாமல், நறுக்கிய தட்டில் நீர் தெளித்துப் பிசறிக் கொடுத்தால் ஆடு தட்டையும் சேர்த்தே தின்கிறது.

வேலிமசால் போன்றவற்றை மூன்றிலொரு பங்கிற்கு மேல் கொடுத்தால் ஆடு அதையே தின்று தட்டை ஒதுக்குவதால் செலவுதான் மிஞ்சும். இருப்பு குறைவாயின், ஈனுவதற்கு முந்தைய ஆறு வாரத்தில் உள்ள ஆடுகளுக்கு அதை முதலில் ஒதுக்க வேண்டும். கருக்குட்டியின் எடையில் பெரும்பகுதி அப்போதுதான் கூடுகிறது. அடுத்துப் பாலூட்டும் ஆடுகள்; சினையும் பாலும் இல்லாதவை சில வாரம் சற்று மெலிந்தாலும், மழைக்குப் பின் தளிர்க்கும் மேய்ச்சலில் தேறிவிடும்.