திராட்சையும் நாயும்

விடுதிச் சமையற்கூடத்தின் பின்புறம் படுத்திருக்கும் நாய்க்கு நம்மவர் எதையும் இட்டுப் பழகிவிட்டனர். பொங்கல் விழா முடிந்தால் மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலும் அதற்கே. சோறும் வெல்லமும் கிடக்கட்டும். அதில் நெய்யில் வறுத்துப் போட்ட உலர்ந்த திராட்சையைப் பற்றியே இங்குப் பேச்சு.

நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வாங்கிச் செல்லும் பழம், நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றால் நம்புவது கடினந்தான். ஆயினும் 2001-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் இதனை எழுதி வெளியிட்டனர். காரணம் மட்டும் நெடுநாள் பிடிபடவில்லை. பூச்சிமருந்தோ, பூஞ்சை நஞ்சோ என்று ஐயுற்றனர். குழந்தைகள் பிசைந்து விளையாடும் மாவைத் தின்ற நாய் ஒன்று வழிகாட்டிற்று. அம்மாவில் ‘கிரீம் ஆப் டார்ட்டார்’ என்னும் உப்புச் சேர்ந்திருந்தது. திராட்சை தின்ற நாய்க்கு வரும் அதே கேடு அதற்கும் வந்தது. இரண்டிற்கும் பொதுவான டார்ட்டாரிக் அமிலமே நஞ்சாகலாம் என்று 2021-இல் எழுதினர். நம் சிறுநீரகம் அவ்வமிலத்தை வெளியேற்றிவிடுகிறது. நாயின் சிறுநீரக அணுக்களிலோ அது தேங்கி அவற்றை அழிக்கிறது என்று கருதுகின்றனர்.

இவ்வமிலம் மிகுந்த இன்னொரு பழம் எது? நம் புளிதான்! புளியைத் தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றி 2022-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. புளியோதரை அன்பர்கள் கவனிக்க.

எத்தனை பழம் வரை கேடில்லை என்று கேட்பவர் உண்டு. அப்படி ஓர் அளவு கிடையாது. அமிலத்தின் அளவு வகைக்கு வகை, பழுத்த பக்குவத்திற்குப் பக்குவம் மாறும். ஒரு நாய் தின்றும் நலமாயிருக்கும். மற்றொன்று சிலவற்றிலேயே வீழும். விதையை நீக்குவதாலும் வேகவைப்பதாலும் பயனில்லை. உலர்ந்த திராட்சையில் நீர் வற்றி அமிலம் செறிந்திருப்பதால் அது இன்னும் பொல்லாதது.

தின்ற ஒரு நாளுக்குள் வாந்தி தோன்றும். பிறகு சோர்வு, உணவில் வெறுப்பு. இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறையும், சில வேளை நின்றே போகும். மாற்றுமருந்து இல்லை. ஆதலின் வாந்திக்குக் காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. அவர் வயிற்றிலுள்ளதை வெளிக்கொணர்ந்து, நரம்பு வழியே நீர்மம் ஏற்றுவார். உப்புக் கரைசலைப் புகட்டும் நாட்டு வழக்கம் வேண்டா. அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும்.

பழந்தான் கொடுக்க வேண்டுமென்றால் ஒரு துண்டு வாழைப்பழம் போதும்.