கணிப்பொறியின் மீட்புச் சாதனமும் அதனைப் பேணும் முறையும்

கிணற்று மோட்டாரை அகற்றிவிட்டு அதனினும் அதிகக் குதிரைத் திறனுடைய மோட்டாரைப் பொருத்தும் விவசாயி, பழைய மோட்டாருக்கென வாங்கி வைத்த ஸ்டார்ட்டரும் பேரிங்கும் புதியதற்கும் பொருந்தும் என்று கருதியிருத்தலாகாது. பயிர் வாடும் சித்திரை மாதத்தில் மோட்டார் நின்ற பிறகே பொருந்தாமையைக் கண்டால், அறையிலுள்ள உதிரிப் பாகம் இருந்தும் இல்லாததேயாகும். கோவை வட்டார விவசாயிகளுக்கு இதனை எடுத்துரைக்கத் தேவையில்லை. ஆயின், நம் ஊராட்சி அலுவலகங்களிலும் பால் கூட்டுறவுச் சங்கங்களிலும் உள்ள கணிப்பொறிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும் என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

மீட்புச் சாதனம் யாது?

கணிப்பொறியை நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். மின்சாரம் திடீரென நிற்பதாலோ, வைரஸ் புகுவதாலோ இயங்குதளம் எழ மறுக்கும் வேளையில், வெளியிலிருந்து கணிப்பொறியை எழுப்பிப் பழுது பார்க்க உதவும் பென் டிரைவே மீட்புச் சாதனமாகும். பால் பணம் பட்டுவாடா செய்யும் நாளில் சங்கத்தின் கணிப்பொறி எழவில்லையெனில், உறுப்பினர் ஊற்றிய பாலின் அளவும் கொழுப்புச் சத்தும் அதனுள்ளேயே அடைபட்டுவிடும். ஊராட்சியின் வரவு செலவு 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பதிவாகிறது. ஆயினும் தீர்மான நகல்களும், மதிப்பீடுகளும், பணிகளின் புகைப்படங்களும் அலுவலகக் கணிப்பொறியிலேயே தங்கியிருப்பதுண்டு.

தளம் மாறினால் சாதனம் பயனற்றுப் போவதேன்?

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்றுடன் நின்றன. ஆதலின் பல இடங்களில் கணிப்பொறிகள் விண்டோஸ் 11 தளத்திற்கு மாற்றப்பட்டன. பழைய தளத்தில் செய்த பென் டிரைவைக் கொண்டு இக்கணிப்பொறியை மீட்க முற்பட்டால், காலம் முடிந்த பழைய தளமே திரும்பவும் அமையக்கூடும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. இக்காலக் கணிப்பொறிகள் தம்மை எழுப்ப வரும் மென்பொருளின் முத்திரையைச் சரிபார்த்த பின்னரே அதனை அனுமதிக்கின்றன. குறையுள்ளவை எனக் கண்ட பழைய முத்திரைகளைப் புதிய திருத்தங்கள் தள்ளுபடி செய்கின்றன. 2024 ஆகஸ்டு மாதத்து விண்டோஸ் திருத்தம் ஒன்றுக்குப் பின், பழைய லினக்ஸ் பென் டிரைவுகள் பல கணிப்பொறிகளில் எழவில்லை. மேலும், 2011 ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் வழங்கிய முத்திரைச் சான்றுகள் 2026 ஜூனிலும் அக்டோபரிலும் காலம் முடிவனவாக அமைந்தவை. சான்று மாறுங்கால் பழைய சாதனத்தை மறுபடியும் சோதித்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, வட்டின் பூட்டு. விண்டோஸ் 11 தளமுள்ள பல கணிப்பொறிகளில் வட்டு இரகசியக் குறியீட்டால் பூட்டப்பட்டுள்ளது. 48 இலக்கங்கொண்ட மீட்பு எண் இல்லையேல், நல்ல பென் டிரைவும் வாயிற்படியிலேயே நின்றுவிடும். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான திருத்தத்தால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் முடங்கின; நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயண அட்டைகளைக் கையால் எழுதித் தந்தனர். அன்று பல அலுவலகங்களில் பணியைத் தாமதப்படுத்தியது இந்த 48 இலக்க எண்ணைத் தேடியதேயாகும்.

நிற்க. கணிப்பொறிக்குள்ளேயே ஒரு மீட்புப் பகுதி இருக்கையில் வெளிச் சாதனம் எதற்கு என்று சிலர் வினவுவர். 2025 அக்டோபர் 14 அன்று வெளியான விண்டோஸ் 11 திருத்தமே இதற்கு விடை. அதன்பின் உள் மீட்புப் பகுதியில் யூ.எஸ்.பி. விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்யவில்லை. அன்றாட வேலைகளுக்கு இடையூறில்லாததால், சோதித்துப் பாராதவர் இதனை அறிந்திரார். திருத்தத்துக்குத் திருத்தம் அக்டோபர் 20 அன்று வந்தது. இடைப்பட்ட நாட்களில் முன்னரே செய்து வைத்த வெளிச் சாதனமே பலருக்குக் கைகொடுக்கக்கூடியதாக இருந்தது.

செய்முறை

1. தளத்தை மாற்றுமுன் கோப்புகள் அனைத்தையும் தனியான வெளி வட்டில் நகலெடுத்தல் வேண்டும். மீட்புச் சாதனம் இயங்குதளத்தை மீட்குமேயன்றி, நம் கோப்புகளைக் காப்பதன்று.

2. 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதி, எந்தக் கணிப்பொறிக்குரியது என்று குறித்து, அலுவலகப் பீரோவில் பூட்டி வைத்தல் வேண்டும். அதனை அந்தக் கணிப்பொறியிலேயே சேமிப்பது, வீட்டுச் சாவியை வீட்டினுள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

3. தளம் மாறிய பின், குறைந்தது 16 ஜி.பி. கொள்ளளவுள்ள காலியான பென் டிரைவை எடுத்து, விண்டோஸிலுள்ள ‘ரெக்கவரி டிரைவ்’ என்னும் வசதியால் புதிய சாதனம் செய்தல் வேண்டும். அதிலுள்ளவை யாவும் அழிந்துவிடுமாதலால் வேறு கோப்புகள் இருத்தலாகாது. புதியதைச் சோதிக்கும் வரை பழையதை அழித்தலும் ஆகாது.

4. கணிப்பொறியை அணைத்து, சாதனத்தைச் செருகி, அதிலிருந்தே எழுப்பிப் பார்த்தல் வேண்டும். திரை தோன்றுகிறதா, விசைப்பலகையும் மவுஸும் இயங்குகின்றனவா, வட்டு தெரிகிறதா, மீட்பு எண் ஏற்கப்படுகிறதா என்னும் நான்கையும் கண்டறிந்து, வேறொன்றையும் தேர்ந்தெடுக்காமல் வெளியேறுதல் வேண்டும். ‘ரீசெட்’ முதலிய கட்டளைகளைச் சோதனைக்காகத் தொடுதல் கூடாது.

5. கணிப்பொறியின் அடையாளம், தளத்தின் பெயர், செய்த தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டுதல் வேண்டும். இரண்டு சாதனங்கள் செய்து வெவ்வேறிடங்களில் வைத்தல் நலம்.

பாஸ் போன்ற லினக்ஸ் தளங்களைப் பயன்படுத்துவோரும் தளத்தை மாற்றிய பின் அதே பதிப்பின் பென் டிரைவைச் செய்துகொள்ள வேண்டும். புதிய தளம் அமைத்த வட்டினைப் பழைய கருவி சோதிக்க மறுப்பதுண்டு.

பொறுப்பு யாருடையது?

பழுது பார்க்க வருபவர் தம் சட்டைப் பையில் எடுத்துச் செல்லும் பென் டிரைவ், ஊராட்சியின் உடைமை ஆகாது. சாதனத்தை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிச் செயலாளரின் பொறுப்பில் வைத்தல் தகும். ஆண்டுக்கொரு முறை அதனைப் புதிதாகச் செய்துகொள்ளுமாறு மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அறிவுறுத்துகிறது. மார்ச்சு 31 கழிந்து இருப்புச் சரிபார்க்கும் நாளையே இதற்குரிய நாளாகக் கொள்ளலாம். மேசை நாற்காலிகளை எண்ணும் உறுப்பினர்கள், ‘மீட்புச் சாதனம் எங்கே? கடைசியாக எழுப்பிப் பார்த்த நாள் எது?’ என்னும் இரு கேள்விகளையும் கேட்பாராக. செலவு ஒரு பென் டிரைவின் விலையே. காக்கப்படுவதோ ஊர் மக்களின் கணக்கு.