நீர்க்காவலர் பாதை

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கே, ரோன் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் அமைந்த மாநிலம் வாலே. இருபுறமும் உயர்ந்த மலைகள் மழைமுகிலைத் தடுத்துவிடுவதால், அதன் தலைநகர் சியோனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அம்மலைகளின் பனியாறுகளோ கோடையில்தான் மிகுதியாக உருகுகின்றன. பயிர் வாடும் காலமும் நீர் பெருகும் காலமும் ஒன்றே. இடையில் தடையாய் நிற்பது செங்குத்தான பாறை.

அத்தடையைக் கடக்க உழவர்கள் அமைத்த வாய்க்கால்கள் 'பிஸ்' எனப்படுகின்றன. மண்சரிவுகளில் பள்ளம் தோண்டினர். பாறை குறுக்கிட்ட இடங்களில் துளையிட்டு, உத்தரங்களைச் செருகி, அவற்றின்மேல் மரத்தொட்டிகளைப் பொருத்தினர். மோர்ஷ் ஆற்றுநீரைச் சவியேஸ் ஊருக்குக் கொணரும் 'தோரான் நெஃப்' வாய்க்கால் 1430இல் தொடங்கி 1448இல் முடிந்தது.

அமைப்பதினும் காப்பதே அரிதாயிற்று. கல்லும் சருகும் அடைத்தால் நீர் கரைபுரண்டு, கீழுள்ள வயல்களை மண்ணோடு அரித்துச் செல்லும். ஆகவே, காவலர் ஒருவர் வாய்க்கால் நெடுக நடந்து அதனைக் கண்காணித்தார். வாய்க்காலோர ஒற்றையடிப்பாதை அவருக்காக ஏற்பட்டதே. பாறை விளிம்பில் அது ஒரு பலகையின் அகலமே இருந்தது.

இரவுக் காவலுக்கு ஓர் எளிய பொறி உதவியது. ஓடும் நீர் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் மரச்சுத்தியலை உயர்த்திப் பலகையில் அறையச் செய்தது. அவ்வோசை கேட்கும்வரை காவலர் உறங்கலாம். ஓசை நின்றால் எழுந்து, இருளில் உடைப்பைத் தேடிச் செல்ல வேண்டும். பிற இடங்களில் ஓசை எச்சரிக்கும். இங்கோ அமைதியே எச்சரித்தது.

கொணர்ந்த நீர் முறைவைத்துப் பகிரப்பட்டது. குடும்பக் குறியும் நீர் பாய்ச்சும் நேரமும் செதுக்கப்பட்ட மரத்துண்டுகளே உரிமைச் சான்றுகள். எழுத்தறியாதாரும் படிக்கத்தக்க ஆவணங்கள் அவை!

1934இல் பிராபே மலையைக் குடைந்து சுரங்கம் அமைக்கப்பட்டது. தோரான் நெஃப் நீர் மலைக்குள் புகுந்தது. பாறையோர வாய்க்கால் கைவிடப்பட்டது. காவலரின் நடை நின்றதும் பாதையும் சிதைந்தது. பல்லாண்டுகளுக்குப்பின் அது சீரமைக்கப்பட்டு, இடைவெளிகளில் தொங்குபாலங்கள் கட்டப்பட்டன.

நீர் ஓடுவதற்கு மென்சரிவே போதும் என்பதால், வாய்க்காலோரப் பாதைகள் மலைப்பகுதியிலும் ஏறக்குறையச் சமமாகவே செல்கின்றன. வாலேயில் பல வாய்க்கால்கள் இன்றும் பாசனத்திற்கு உதவுகின்றன. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய நாடுகளின் மரபுவழிப் பாசன அறிவை யுனெஸ்கோ 2023இல் மானுடத்தின் தொட்டுணர இயலா மரபுச்செல்வமாக ஏற்றது. தோரான் நெஃப் பாதையில் நடப்போர், ஒருகாலத்தில் உத்தரங்களைத் தாங்கிய பாறையைக் கண்டு நிற்கின்றனர். சவியேஸ் வயல்களுக்கான நீர் மலையின் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.