மஞ்சளும் மனமும்

நுழையும்முன்

காய்ச்சல் வந்தால் வெளியே சொல்லும் நாம், மனம் நோயுற்றால் மறைக்கிறோம். மனச்சோர்வும் மருத்துவத்தால் தணியும் நோயே. அம்மருத்துவத்தில் தாவரப் பொருள்களுக்கும் குடல்வாழ் நுண்ணுயிரிகளுக்கும் பங்குண்டா என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் கடையநல்லூரில், மீன்குழம்பிலும் மிளகு ரசத்திலும் மஞ்சள் தவறாமல் இடம்பெறும். மஞ்சளுக்கு நிறம் தரும் வேதிப்பொருள் குர்குமின். அது மனச்சோர்வைத் தணிக்குமா என அறிய, குஜராத்தின் பவநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆய்வு நடைபெற்றது. நோயாளிகள் 60 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். முதற்குழுவினர்க்கு ஃபுளுவாக்செட்டின் என்னும் மருந்து நாள்தோறும் 20 மில்லிகிராம் தரப்பட்டது. இரண்டாம் குழுவினர்க்குக் குர்குமின் 1000 மில்லிகிராம். மூன்றாம் குழுவினர்க்கு இரண்டும். ஆறு வாரங்களுக்குப் பின் முன்னேற்றம் கண்டோர் முறையே 64.7, 62.5, 77.8 விழுக்காட்டினர். ஆய்வு 2014இல் அச்சேறியது.

இவ்வெண்களைக் கண்டதும் மருந்தும் மஞ்சளும் ஒன்றே எனக் கொள்ளத் தோன்றும். சற்றுப் பொறுத்து நோக்குக. குழுவிற்கு ஏறத்தாழ 20 பேரே இருந்தனர். குழுக்களுக்கிடையே கண்ட வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதன்று. போலி மாத்திரை பெற்ற குழு எதுவும் இல்லை. எனவே குர்குமினால் தேறியவர் யார், நாளடைவில் தாமாகவே தேறியவர் யார் எனப் பிரித்தறிய இயலாது. மேலும், மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடே. 1000 மில்லிகிராம் குர்குமினைப் பெற 30 கிராமுக்கும் மேற்பட்ட தூள் வேண்டும். எந்தக் குழம்பு அதைத் தாங்கும்?

உண்ட குர்குமினிலும் மிகச் சிறிதே குருதியில் கலக்கிறது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் அவ்வளவு ஏறத்தாழ 20 மடங்காவதை 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் கண்டனர். கலவாமல் எஞ்சும் பெரும்பகுதி பெருங்குடலை அடைகிறது. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் அதை வேறு பொருளாக மாற்றுகின்றன. இவ்வாறு மாற்றும் நொதியை 2011இல் ஜப்பானிய அறிஞர்கள் எஷ்சரீச்சியா கோலை என்னும் பாக்டீரியாவில் கண்டறிந்தனர். ஆகவே நாம் உண்பது ஒரு பொருள். உடலுக்குக் கிட்டுவது பிறிதொரு பொருளாகவும் இருக்கலாம்.

குடலுக்கும் மனத்திற்கும் என்ன தொடர்பு? உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலிலேயே உருவாகிறது. அது நேரே மூளைக்குள் புகுவதில்லை. எனினும் வேகஸ் நரம்பின் வழியே குடலின் செய்தி மூளையை எட்டுகிறது. பெல்ஜியத்தில் 1054 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2019இல் வெளிவந்தது. மனச்சோர்வுற்றோர் குடலில் காப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்னும் பாக்டீரியாக்கள் குறைந்திருந்ததை அது காட்டியது. அக்குறைவு நோயின் காரணமா, பசியிழந்து உணவு குறைந்ததன் விளைவா என்பதே இன்றைய ஆய்வாளர் முன்னுள்ள வினா.

தெரிந்து தெளிவோம்

மனச்சோர்வுக்கான மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், உறக்கமின்மை முதலியன தோன்றலாம், நோயும் திரும்பலாம். மஞ்சள் மாத்திரை உண்ண விரும்புவோரும் முதலில் மருத்துவரைக் கேட்டல் வேண்டும். நடுவண் அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமின்றி, எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.