எக்ஸ்காலிபர்: ஆர்தர் மன்னனின் வாள் தொன்மத்தில் பெயரும் பேறும் மீள்வும்

ஆய்வுச் சுருக்கம்

பிரித்தானியத் தொன்மத்தில் ஆர்தர் மன்னனுக்கு உரியதாகக் கூறப்படும் எக்ஸ்காலிபர் என்னும் மாயவாளின் தோற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. வாளின் பெயர், அதனை மன்னன் பெற்ற வகை, அது ஏரிக்கு மீண்ட நிகழ்வு ஆகிய மூன்றும் வெவ்வேறு காலத்து நூல்களில் இடம்பெறத் தொடங்கியவை. ஆதலின் அவை அனைத்திற்கும் ஒரே மூலத்தைத் தேடுவது பொருந்தாது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: ஆர்தர், எக்ஸ்காலிபர், கலெத்வுல்க், வேல்சுமொழி இலக்கியம், தொன்ம அடுக்குகள்.

முன்னுரை

ஆர்தரின் வாளைப் பற்றி இன்று பரவலாக அறியப்படும் கதைகள் இரண்டு. கல்லில் செருகப்பட்டிருந்த வாளை உருவியதால் இளைஞனான ஆர்தர் அரசுரிமை பெற்றான் என்பது ஒன்று. ஏரியினின்று எழுந்த ஒரு கை ஏந்தி நின்ற வாளை ஏரி நங்கையின் இசைவால் பெற்றான் என்பது மற்றொன்று. இரு கதைகளிலும் வாள் எக்ஸ்காலிபர் என்றே சுட்டப்படுவதுண்டு. ஒரு வாள் இருமுறை முதன்முதலாகக் கிடைத்திருக்க இயலாது. இம்முரணைக் கதைசொல்லியின் கவனக்குறைவு எனக் கடந்து செல்வோர் உளர். ஏரிக்கதையைப் பண்டைக் கெல்தியரின் நீர்வழிபாட்டு எச்சம் என நேரடியாகக் கொள்வோரும் உளர். இவ்விரு நிலைப்பாடுகளும் நூல்களின் கால வரிசையை ஒட்டி மறுஆய்வு செய்யத்தக்கன.

1. பெயரின் தொன்மை

ஆர்தரின் பன்னிரு போர்களைப் பட்டியலிடும் 'பிரித்தானியர் வரலாறு' என்னும் இலத்தீன் நூல் 9ஆம் நூற்றாண்டினது. அதில் ஆர்தரின் வாளுக்குப் பெயர் இல்லை. வாளின் பெயர் 'கில்ஹூக்கும் ஓல்வெனும்' என்னும் வேல்சுமொழி உரைநடைக் கதையில் காணப்படுகிறது. இக்கதை ஏறத்தாழ 1100ஆம் ஆண்டளவில் உருவானது என்பர். அதன் முழு வடிவம் 14ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்ட 'ஹெர்கெஸ்டின் செந்நூல்' என்னும் சுவடியில் கிடைக்கிறது.

கில்ஹூக் வேண்டுவது எதுவாயினும் தருவதாக வாக்களிக்கும் ஆர்தர், சிலவற்றை மட்டும் விலக்குகிறான். கப்பல், மேலாடை, வாள், ஈட்டி, கேடயம், குத்துவாள், மனைவி ஆகியவையே அவை. இங்கு வாளின் பெயர் 'கலெத்வுல்க்'. 'கலெத்' என்பது கடினத்தையும் 'புல்க்' என்பது பிளவையும் குறிக்கும் வேல்சுச் சொற்கள். வாள் எங்கிருந்து வந்தது என்பதைக் கதை கூறவில்லை. கல்லும் இல்லை, ஏரியும் இல்லை. மன்னன் எவர்க்கும் ஈயாத உடைமை என்பதே அவ்வாளின் சிறப்பாக அமைகிறது.

அயர்லாந்தின் 'தாய்ன்' காப்பியத்தில் ஃபெர்கஸ் என்னும் வீரனின் வாள் 'கலத்போல்க்' எனப்படுகிறது. அவன் தன் சினத்தை மனிதர்மீது செலுத்தாமல் அவ்வாளால் மூன்று குன்றுகளின் உச்சியை வெட்டி வீழ்த்துகிறான். பெயர் ஒப்புமையைக் கொண்டு வேல்சுப் பெயர் அயர்லாந்திலிருந்து கடன் பெற்றது எனக் கருதியோர் உண்டு. ஆயினும் 'கில்ஹூக்கும் ஓல்வெனும்' கதையைப் பதிப்பித்த ரேச்சல் பிராம்விச், சைமன் எவன்ஸ் ஆகியோர், மிகப் பழங்காலத்தில் வாளைக் குறித்த பொதுப்பெயரிலிருந்து இவ்விரு பெயர்களும் தனித்தனியே தோன்றியிருக்கலாம் எனக் கருதினர். இக்கருத்து ஏற்கத்தக்கது. ஏனெனில் பெயர்கள் ஒத்திருப்பினும் வாள்களின் கதைகள் ஒத்திருக்கவில்லை.

2. இலத்தீன் வடிவமும் அவலோன் தீவும்

மான்மத் ஊரினரான ஜெஃப்ரி ஏறத்தாழ 1136இல் இயற்றிய 'பிரித்தானிய மன்னர்களின் வரலாறு' என்னும் இலத்தீன் நூலில் வாள் 'காலிபர்னுஸ்' ஆகிறது. எஃகைக் குறிக்கும் 'காலிப்ஸ்' என்னும் சொல்லின் சாயல் இதில் உண்டு. வேல்சுக் கதையில் கப்பலுக்கு உரிய 'பிரித்வென்' என்னும் பெயரை ஜெஃப்ரி கேடயத்திற்குச் சூட்டுகிறார். வேல்சு மரபை அவர் அறிந்திருந்தார் என்பதும், அதனைத் தம் நோக்கிற்கேற்ப மாற்றினார் என்பதும் இதனால் பெறப்படும். ஜெஃப்ரியின் நூலை வேல்சுமொழிக்குப் பெயர்த்தோர் 'காலிபர்னுஸ்' என்பதை மீண்டும் 'கலெத்வுல்க்' என்றே எழுதினர். இரண்டும் ஒரே வாள் என்னும் உணர்வு அக்காலத்தே இருந்தமைக்கு இது சான்று.

ஜெஃப்ரி சேர்த்த புதுமை, வாள் அவலோன் தீவில் வார்க்கப்பட்டது என்பதாகும். வாளுக்கு ஒரு பிறப்பிடம் கிடைத்தது இவ்வாறே. எனினும் அது யார் கையால் ஆர்தரை அடைந்தது என்பதையோ, இறுதியில் என்னவாயிற்று என்பதையோ அவர் கூறவில்லை.

3. கல்லில் செருகிய வாள்

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கதை பிரெஞ்சு மொழிக்குள் புகுந்தது. கிரெத்தியன் த த்ருவா தம் 'பெர்சிவால்' காப்பியத்தில் 'எஸ்காலிபோர்' என்னும் பெயரைப் பயன்படுத்துகிறார். ஆனால் அங்கு வாளை ஏந்துபவன் ஆர்தரின் மருகனான கவைன். மன்னனுக்கும் வாளுக்கும் பிரிக்கவியலாத உறவு அப்போது நிலைபெறவில்லை எனலாம்.

ஏறத்தாழ 1200இல் ரொபேர் த போரோன் இயற்றிய 'மெர்லின்' கல்வாள் நிகழ்வைப் புகுத்தியது. தேவாலயத்தின் முன் ஒரு கல்லும், அதன்மேல் கொல்லனின் பட்டடையும், அதில் செருகிய வாளும் தோன்றுகின்றன. உருவுபவனே இறைவனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்னன். இவ்வாளுக்கு அங்குப் பெயர் இல்லை. அரசுரிமைக்கு இறைவனின் ஒப்புதலைக் காட்டும் அடையாளமாகவே அது நிற்கிறது. அதனை எஸ்காலிபோர் என இனங்கண்டது பின்னர் எழுந்த பிரெஞ்சு உரைநடைத் தொடர்ச்சியே.

4. ஏரி: முடிவுக்குப் பின் வந்த தொடக்கம்

ஏறத்தாழ 1230இல் எழுந்த 'ஆர்தரின் மரணம்' என்னும் பிரெஞ்சு உரைநடை நூலில், இறக்கும் நிலையிலுள்ள மன்னனின் ஆணைப்படி கிர்ஃப்லே என்னும் வீரன் வாளை ஏரியில் எறிகிறான். ஒரு கை எழுந்து அதனைப் பற்றுகிறது. ஏரியிலிருந்து வாளைப் பெறும் காட்சியோ, இதற்குச் சில ஆண்டுகள் பிற்பட்ட மற்றொரு பிரெஞ்சுத் தொகுதியிலேயே வருகிறது. நூல்வழக்கை நோக்க, மீள்வு முந்தியது, பேறு பிந்தியது. ஏரிக்குத் திரும்பிய வாள் ஏரியிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்னும் கதைத் தர்க்கமே பேற்றுக் காட்சியைப் படைத்தது எனக் கருத இடமுண்டு.

இதற்குத் துணைச்சான்று ஒன்று வரலாற்றில் கிடைக்கிறது. 1191இல் இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்டு, ஆர்தரின் வாள் எனக் கூறி ஒரு வாளைச் சிசிலி மன்னர் தான்கிரெதுக்குப் பரிசளித்தார். வாள் நீருக்குள் மறைந்துவிட்டது என்னும் கதை அன்று வேரூன்றியிருப்பின் அப்பரிசுக்கு மதிப்பு இருந்திராது.

வேல்சின் ஆங்கிள்சி தீவிலுள்ள லின் கெரிக் பாக் என்னும் ஏரிப்பகுதியில் 1942இல் விமானத்தளப் பணியின்போது வாள்கள் உள்ளிட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இரும்புக்காலப் பொருள்கள் கண்டெடுக்கப்பட்டன. நீரில் படைக்கலங்களைக் காணிக்கையாக இடும் வழக்கம் உண்மை என்பதை இது மெய்ப்பிக்கிறது. ஆனால் அவ்வழக்கத்திற்கும் பிரெஞ்சு நூலுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டு இடைவெளி உள்ளது. பழைய வேல்சுக் கதையோ ஏரியைப் பற்றி வாய்திறக்கவில்லை. ஆகவே நீர்வழிபாட்டுத் தொடர்பை மீள்வுக் காட்சிக்கு ஒரு சாத்தியமாகக் கூறலாமேயன்றி, வாளின் மூலமாக நிறுவ இயலாது.

5. மேலரியில் அடுக்குகளின் சந்திப்பு

1485இல் வில்லியம் காக்ஸ்டன் அச்சிட்ட தாமஸ் மேலரியின் ஆங்கில நூல் இவ்வடுக்குகள் அனைத்தையும் ஒருங்கே ஏற்றது. ஏரிவாளைப் பெறுவதற்கு முன்பே ஆர்தர் எக்ஸ்காலிபரை உருவிப் போரிடுவதாக மேலரி எழுதுகிறார். பின்னர், கல்லிலிருந்து பெற்ற வாள் பெல்லினோர் மன்னனுடன் பொருதபோது முறிய, ஏரியிலிருந்து எக்ஸ்காலிபர் கிடைக்கிறது. இது பிழையாகத் தோன்றினும், இரு மூலமரபுகள் கலந்ததன் தடயம் என்ற வகையில் ஆய்வாளர்க்குப் பயனுடையது. 'எஃகை வெட்டுவது' எனப் பெயருக்கு அந்நூல் தரும் பொருளும், மூலச்சொல் மறந்தபின் எழுந்த விளக்கமேயாகும்.

முடிவுரை

எக்ஸ்காலிபரின் பெயர் வேல்சு மரபினது. அவலோன் என்னும் பிறப்பிடம் ஜெஃப்ரியின் இலத்தீன் நூலால் வந்தது. கல்லும் ஏரியும் 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடையில் நிலைபெற்றன. கெல்தியம் என ஒரே சொல்லில் இவற்றை அடக்கினால் பெயரின் தொன்மை கதை முழுமைக்கும் ஏற்றப்பட்டுவிடும். ஒரு தொன்மத்தின் மிகப் புகழ்பெற்ற கூறு அதன் மிகப் பழைய கூறாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இவ்வாளே தக்க சான்று. ஒவ்வொரு கூறும் எந்நூலில், எம்மொழியில், எக்காலத்தில் வெளிப்பட்டது எனத் தனித்தனியே வினவுவதே தோற்ற ஆய்வின் முதற்படியாகும்.